மச்சினன் பிடித்த கயிறு

நாய் ஒன்று வாங்கப் போகிறேன் என்று ஜெஸ்டின் சொன்னபோது எமில்டா அடுப்பில் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். அகப்பை நின்றது. இவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று மனிதருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. முப்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தால் இதுதான் தொல்லை. ஒரு பொய்யை முழுசாகச் சொல்லி முடிக்க விடமாட்டார்கள்.

"என்னத்துக்கு நாயி?" என்றாள்.

"வேட்டைக்குத்தான். வீட்டுல ஒரு துணைக்கும் ஆச்சு."

"துணைக்கு," என்று அவள் திருப்பிச் சொன்னாள். அகப்பை மறுபடி சுற்றத் தொடங்கியது.

ஜெஸ்டின் புன்னைக்காயலில் சங்கு குளிக்கிறவர். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கடலடிக்குப் போய், மணலில் பாதி புதைந்து கிடக்கும் சங்கைத் தடவிப் பொறுக்கி வருகிற வேலை. கயிற்றின் மறுமுனை வள்ளத்தில் இருக்கிறவன் கையில் இருக்கும். கீழே இருக்கிறவன் உயிரும் அங்கேதான் இருக்கும். அதனால் அவர்கள் வகையறாவில் ஒரு முறை வைத்திருந்தார்கள்: கயிற்றை மனைவியோடு உடன்பிறந்தவன் கையில்தான் கொடுக்க வேண்டும். சொந்த அண்ணன் தம்பி கையில்கூடக் கொடுப்பதில்லை. அண்ணன் தம்பிக்கு வீட்டிலும் வள்ளத்திலும் ஆசை வரலாம். மச்சினன் அப்படியில்லை. தன் அக்காள் தாலி அறுக்க அவன் கயிற்றை விடுவானா?

எமில்டாவின் தம்பி பெனிஸ்டன் இருபத்திரண்டு வருஷம் ஜெஸ்டினுக்குக் கயிறு பிடித்தான். போன கார்த்திகையில் ஒரு காலை, டீக்கடையில் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தான். அதோடு சரி. இருபத்திரண்டு வருஷம் கடல் அவனை ஒன்றும் செய்யவில்லை. கரை செய்தது.

அவனுக்கென்று ஒரு இழுப்பு உண்டு. மற்ற வள்ளங்களில் மேலே இருக்கிறவன் கயிற்றை ஒரு தடவை இழுப்பான். கீழே இருக்கிறவன் ஒரு தடவை இழுத்து, இருக்கேன் என்று பதில் சொல்வான். பெனிஸ்டன் அப்படி இழுக்கமாட்டான். இரண்டு குட்டி இழுப்பு, அப்புறம் ஒரு நீள இழுப்பு. ஏம்ல இப்படி என்று கேட்டால் சிரித்துவிட்டு பீடியைப் பற்றவைப்பான். பன்னிரண்டு பாகம், கிட்டத்தட்டப் பன்னிரண்டு ஆள் ஆழத்தில், கை நீட்டினால் கை தெரியாத கலங்கலில், அந்த இரண்டு குட்டியும் ஒரு நீளமும் இடுப்புக்கு வந்து சேரும்போது ஜெஸ்டினுக்கு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

அவன் போனபிறகு ஐந்து மாதமாக ஜெஸ்டின் கடலுக்குப் போகவில்லை. நான் பிடிக்கிறேன், நான் பிடிக்கிறேன் என்று நாலு பேர் வந்தார்கள். எல்லாரையும் டீ கொடுத்து அனுப்பினார். எமில்டாவுக்கு வேறு உடன்பிறப்பு இல்லை.

இதற்கிடையில் கப்பலில் வேலை பார்க்கும் ரெக்சன் லீவில் வந்தவன் ஒரு சேதி சொல்லிவிட்டுப் போனான். லாப்ரடார் என்று ஒரு நாய்ச் சாதி இருக்கிறதாம். குளிர் தேசத்து மீன்பிடிகாரர்கள் படகில் ஏற்றிப் பழக்கிய சாதி. தண்ணீரில் விழுந்த மிதப்பையும், வலையிலிருந்து நழுவிய மீனையும் பாய்ந்து கவ்வி, பல் படாமல் கையில் கொண்டுவந்து கொடுக்குமாம். சுட்டு விழுந்த வாத்தை எடுத்து வரவும் அங்கே அதைத்தான் வைத்திருக்கிறார்களாம். ரெக்சன் சும்மா பேச்சுக்குச் சொன்னான். ஜெஸ்டின் அதைப் பிடித்துக்கொண்டார்.

சின்ன வள்ளம் ஒன்று கையில் இருக்கிறது. அரைமணி நேர ஓட்டத்தில், கடலடியில் பாறை படர்ந்த இடம் ஒன்று இருக்கிறது. பொந்துக்குப் பொந்து கலவா மீன். மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி ஈட்டியால் குத்தலாம். குத்துப்பட்டு நழுவி மேலே மிதக்கிற மீனை நாய் எடுத்துவரும். கயிறு வேண்டாம். கயிறு வேண்டாமென்றால் அதைப் பிடிக்க ஆளும் வேண்டாம். ஐந்து மாதம் கரையில் கிடந்து யோசித்து மனிதர் கண்டுபிடித்த வழி இதுதான், கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் அவர் சொல்லாமல் விழுங்கியது காது. இடது காதின் ஜவ்வு கிழிந்திருக்கிறது. தண்ணீர் உள்ளே போனால் தலை சுற்றும், மேலே எது கீழே எது என்று தெரியாது, இனிமேல் முங்காதீர்கள் என்று தூத்துக்குடி டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். எமில்டா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் காதில் யார் பேசினாலும் விழாது. ஓயாத ஒரு இரைச்சல் மட்டும் உண்டு. ஜெஸ்டினுக்கு அது தொந்தரவாக இல்லை. பிடித்திருந்தது என்றுகூடச் சொல்லலாம். சந்தைக்குப் போனாலும் பூசைக்குப் போனாலும் அவருடைய பாதித் தலை கடலுக்குள் இருந்தது.

ஆக, வேட்டைக்கு உகந்த குட்டி ஒன்று வீட்டுக்கு வந்தால் அது கொஞ்சம் வளர்ந்ததும் ஜெஸ்டின் தனியாகக் கடலுக்குப் போய்விடுவார். போனால் ஒருநாள் திரும்பமாட்டார். தம்பியைப் புதைத்து ஐந்து மாதம் ஆன எமில்டாவுக்கு இதைவிடப் பெரிய பயம் இல்லை. ஆனால் அவள் சண்டை போடவில்லை. குழம்பை இறக்கி வைத்துவிட்டு ஒன்று மட்டும் சொன்னாள்.

"நானும் வாரேன். குட்டிய நான்தான் பாத்து எடுப்பேன்."

ஜெஸ்டின் தட்டை எடுத்துக்கொண்டு வந்து சோற்றுக்கு உட்கார்ந்தார்.

மறுநாள் மத்தியானம் இருவரும் டி.வி.எஸ் வண்டியில் கிளம்பினார்கள். குட்டிகள் இருந்தது கொற்கையில், பொன்செல்வி என்பவளின் வாழைத்தோட்டத்தில். பங்குனி வெயில் ரோட்டில் தண்ணீராக ஓடியது. கிட்டே போகப் போக விலகிப் போயிற்று. ஆத்தூர் கொடிக்காலில் வெற்றிலை வாசம். முக்காணிப் பாலத்தில் ஆறு அசையாமல் கிடந்தது. எமில்டா பின்னால் உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் இடது பக்கமாகச் சாய்ந்து பேசியதால் ஜெஸ்டினுக்கு இரைச்சல் மட்டும் கேட்டது. அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

கொற்கை ஒரு காலத்தில் துறைமுகமாக இருந்த ஊர். முத்து ஏற்றிய கப்பல்கள் நின்ற இடத்தில் இப்போது வாழை நிற்கிறது. கடல் எழுந்து நாலைந்து மைல் கிழக்கே போய்விட்டது. வரப்பில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே நடந்தபோது ஜெஸ்டினுக்கு ஒரு மயக்கம். மயக்கம் என்றால் விழுகிற மயக்கம் இல்லை. வாழை இலைகள் தலைக்கு மேலே வெயிலை வடிகட்டி, தரை முழுக்கப் பச்சை வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது. நாலு பாகம் ஆழத்தில் நல்ல தெளிவுள்ள நாளில் இருக்கிற அதே வெளிச்சம். காதில் இரைச்சல் வேறு. அவர் மெல்லக் காலைத் தூக்கி வைத்து நடந்தார். அவசரமாக நடந்தால் மணல் கலங்கிவிடும் என்பது போல.

"கிணறு தோண்டும்போது பத்து அடிக்குக் கீழ ஒரே சிப்பி அண்ணாச்சி," என்றாள் பொன்செல்வி. "சங்குகூடக் கெடந்துச்சு. என் மவ எடுத்து வெளையாடுவா."

அவள் நாற்பது வயதுக்காரி, சிரித்த முகம். புருஷன் விஜயராஜ் வாழைத்தார் லாரி ஓட்டுகிறவர். எங்கோ லோடு இறக்கப் போன இடத்திலிருந்து ஒரு பெட்டை லாப்ரடாரைத் தோட்டக் காவலுக்கென்று கொண்டுவந்தாராம். அதற்கு மைனா என்று பெயர். மைனா கள்ளன், போலீஸ், கறிவேப்பிலை விற்கிறவன் என்று வித்தியாசம் பார்க்காமல் எல்லாருக்கும் வாலை ஆட்டியது. காவல் அவ்வளவுதான். இப்போது மோட்டார் ரூம் நிழலில், சாக்கு விரிப்பில், ஏழு குட்டிகளோடு படுத்திருந்தது.

குட்டிகளைப் பார்த்ததும் எமில்டா தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஏழும் உருண்டு வந்து அவள் சேலையைக் கடித்தன. அவள் சிரித்தாள். கார்த்திகைக்குப் பிறகு அவள் சிரித்து ஜெஸ்டின் பார்க்கவில்லை. அவருக்கும் சிரிக்கத் தோன்றியது. ஆனால் வந்த காரியம் வேறல்லவா? சட்டைப்பையிலிருந்து சங்கை எடுத்தார்.

சின்னச் சங்கு. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பெனிஸ்டனோடு போன கடைசி நாளில், பைக்குள் வந்தவற்றில் இதுதான் ரொம்பச் சிறிசு. விலை போகாது என்று பெனிஸ்டன் அதைத் தனியாக எடுத்து, சும்மா இருந்த நேரத்தில் பழைய வலைத் துண்டைச் சுற்றி முடிச்சுப் போட்டு, வால் மாதிரி நூல் தொங்கவிட்டு, ஜெஸ்டின் மடியில் எறிந்தான். அப்போதிருந்து அது அவர் பையில்தான். வேட்டை நாய்க்குத் துணிப்பந்து எறிந்து பார்க்கிறவன் ஏமாந்து போவான் என்பது அவர் எண்ணம். கடல் வாசம் உள்ள கனமான சாமானை எடுத்து வருகிற குட்டிதான் கடலுக்கு ஆகும்.

வரப்போரமாக எறிந்தார். மூன்று குட்டிகள் ஓடின. ஒன்று பாதியில் வண்ணத்துப்பூச்சியைப் பார்த்து நின்றது. ஒன்று மற்றதன் மேல் விழுந்தது. கறுப்பாக, பெரிய தலையாக இருந்த ஒன்று மட்டும் நேரே போய் நூலைக் கவ்வி, சங்கைத் தரதரவென்று இழுத்துவந்து அவர் காலடியில் போட்டது. போட்டுவிட்டு, அடுத்தது எறி என்று பார்த்தது. இன்னொரு தடவை எறிந்தார். மறுபடி அதே கறுப்புதான். ஜெஸ்டினுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"இதுதான்," என்றார்.

"அது முழியே சரியில்ல," என்றாள் எமில்டா.

"நாயோட முழியப் பாக்க நாம என்ன பொண்ணா பாக்க வந்திருக்கோம்?"

"ஆமா, பொண்ணு பாக்க வந்தப்ப மட்டும் நீங்க என்னத்தப் பாத்தீங்க? எங்க வீட்டுக் கருவாட்டுக் குழம்பத்தான பாத்தீங்க. எனக்கு இது போதும்."

அவள் மடியில் இருந்தது தேயிலைத் தண்ணீர் நிறத்தில் ஒரு குட்டி. சங்கு எறிந்தபோது அது எழுந்திருக்கவே இல்லை. ஆனால் ஒன்றை ஜெஸ்டின் கவனித்திருந்தார். அது சங்கைப் பார்க்காமல் எறிகிறவர் முகத்தையே பார்த்தது. சற்று முன் அவர் மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஒதுங்கியபோது, அவர் மறைந்த சுவர் மூலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. திரும்பி வரும்வரை அசையவில்லை.

"அது மந்தம் அண்ணாச்சி," என்றாள் பொன்செல்வி. "எதையும் எடுக்காது. ஆளையே பாத்துக்கிட்டு கெடக்கும். எக்கா, உங்களுக்கு வேணும்னா கறுப்பையே எடுத்துக்கோங்க. அது கெட்டிக்காரப் பய."

"கேட்டியா?" என்றார் ஜெஸ்டின்.

எமில்டா எழுந்து சேலையைத் தட்டினாள். "சரி. நான் ஒருக்கா எறியுதேன். அப்பவும் கறுப்பு எடுத்துட்டு வந்தா அதையே கொண்டு போவோம்."

நியாயமாகத்தான் இருந்தது. ஜெஸ்டின் சங்கைக் கொடுத்தார். அவள் அதைக் கையில் வைத்து ஒரு நொடி பார்த்தாள், தம்பி போட்ட முடிச்சுகளைத் தடவினாள். அப்புறம் வாழைக் கூட்டத்தின் அடர்த்தியான பக்கம் பார்த்து, பலங்கொண்ட மட்டும் வீசினாள். சருகுக் குவியலுக்குள் போய் விழுந்தால் எந்த நாய் கண்டுபிடிக்கும்? அதுதான் அவள் திட்டம். புன்னைக்காயல் கரையில் கயிறும் வலையும் பிடித்த கைகள் ஆயிரம் உண்டு; எமில்டாவின் கை எதையும் எறிந்து பழகாத கை. சங்கு ஒரு வாழைத்தண்டில் பட்டுத் தெறித்தது. கிணற்று மேடையில் விழுந்தது. பைய உருண்டது. உள்ளே போய்விட்டது.

சத்தம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. கறுப்புக் குட்டி ஓடிப்போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தது. பிரயோசனம் இல்லை என்று கண்டுகொண்டு, திரும்பி வந்து பொன்செல்வியின் செருப்பைக் கவ்விக்கொண்டு போயிற்று.

எமில்டா வாயில் கையை வைத்தபடி நின்றாள். "தம்பி சங்கு," என்றாள். "மாதாவே, தம்பி சங்கப் போட்டுட்டேன்."

ஜெஸ்டின் சட்டையைக் கழற்றினார்.

"வேண்டாம்," என்றாள்.

"மூணு பாகம்கூட இருக்காது. ஒரு மூச்சு."

"காது."

"கெணறுதான எமில்டா. கடலா?"

வண்டிப் பெட்டியில் கயிறு இருந்தது. குட்டியைக் கட்டிக் கூட்டிவர என்று எடுத்து வைத்தது. இருபத்திரண்டு வருஷமும் அவர் இடுப்பில் கிடந்த அதே பதினாலு பாகக் கயிறு. குட்டியைக் கட்ட வீட்டில் வேறு கயிறு இல்லாமலில்லை. கை தானாக இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டது. முடிச்சுப் போட்டதும், தானாகவே மறுமுனையை நீட்டியது. நீட்டிய பிறகுதான் வாங்க ஆள் இல்லை என்று தெரிந்தது.

எமில்டா கையை நீட்டினாள். "இங்க குடுங்க."

அவர் கொடுக்கவில்லை. கட்டினவள் கையில் கயிற்றைக் கொடுக்கக் கூடாது. அவள் மனசு பதறும், நேரம் வருமுன் இழுத்துவிடுவாள், இல்லையென்றால் அழுதுகொண்டு இழுக்க மறந்துவிடுவாள் என்று அவர்கள் வகையறாவில் சொல்வார்கள். எல்லாம் ஆம்பிளைகள் சொன்னதுதான். ஜெஸ்டின் கயிற்றின் முனையை மோட்டார் பைப்பில் கட்டிவிட்டுக் கிணற்றுப் படியில் இறங்கினார். எமில்டாவின் கை கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தது. அப்புறம் தாழ்ந்தது. பொன்செல்வி அவள் தோளைத் தொட்டு, "அண்ணாச்சிக்குத் தெரியாத தண்ணியா எக்கா, வாங்க," என்று நிழலுக்குக் கூட்டிப் போனாள்.

தண்ணீர் கழுத்துக்கு வந்தது. மூச்சை இழுத்தார். முங்கினார்.

ஐந்து மாதம். அடேயப்பா, எவ்வளவு சுகமாக இருந்தது! தண்ணீர் அவரை மறந்துவிடவில்லை. மேலே கிணற்று வாய் ஒரு வெள்ளித் தட்டாகச் சுருங்கியது. ஒரு பாகத்தில் பச்சை. இரண்டு பாகத்தில் நீலம். அதற்குக் கீழே எந்த நிறமும் இல்லாத குளிர். சுவரைத் தடவிக்கொண்டே போனபோது விரலில் சிப்பி ஓடுகள் தட்டுப்பட்டன, வரிசை வரிசையாக, மண்ணுக்குள் பதிந்து. ஆயிரம் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் இந்த இடத்துக்கு மேலே ஒரு வள்ளம் நின்றிருக்கும். அதிலும் ஒரு மச்சினன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கடல் கிழக்கே போய்விட்டதென்று யார் சொன்னது? இங்கேதான் இருக்கிறது. பெனிஸ்டனும் மேலேதான் இருக்கிறான், பீடி குடித்துக்கொண்டு. காதின் இரைச்சல் நின்றுபோயிருந்தது. ஜெஸ்டினுக்கு எங்கேயும் போகத் தோன்றவில்லை.

அந்த நிமிஷத்தில்தான் குளிர் காதுக்குள் நுழைந்தது.

கிணறு சுற்றியது. முதலில் மெதுவாக, பிறகு பம்பரமாக. கையை நீட்டினார், சுவர் காலுக்குக் கீழே இருந்தது. காலை உதைத்தார், தலையில் சகதி பட்டது. வெள்ளித் தட்டைத் தேடினார். எல்லாப் பக்கமும் இருட்டு. கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்பதுகூடத் தெரியவில்லை. கயிறு எங்கோ தொளதொளவென்று காலைச் சுற்றியது. இப்படித்தான் போல, என்று நினைத்தார். பயம் வரவில்லை. எமில்டாவின் நீட்டிய கை மட்டும் ஞாபகம் வந்தது. அதில் கயிற்றைக் கொடுத்திருக்கலாம்.

கயிறு அசைந்தது.

இடுப்பில் ஒரு குட்டி இழுப்பு. இன்னொரு குட்டி இழுப்பு. அப்புறம் ஒரு நீள இழுப்பு.

மச்சான், என்று ஜெஸ்டின் தண்ணீருக்குள் சொன்னார். கடைசி மூச்சு குமிழியாகப் போயிற்று. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். தலை சுற்றினாலும் கை மறக்கவில்லை. கயிற்றைத் தேடிப் பிடித்து ஒரு தடவை இழுத்தார். இருக்கேன். உடனே கயிறு விறைத்தது. விறைத்த பக்கம்தான் மேல். அவர் கையை மாற்றி மாற்றி வைத்து அந்தப் பக்கம் ஏறினார்.

தலை வெளியே வந்தபோது வெயில் கண்ணைக் குத்தியது. படியில் குப்புற விழுந்து இருமினார், வாந்தி எடுத்தார். உலகம் சுற்றி நிற்க நேரமாயிற்று. நின்றதும் கயிற்றின் வழியே பார்த்தார். படியில், முழங்கால் தண்ணீரில், எமில்டா நின்றாள். உள்ளங்கை இரண்டும் சிவந்து தோல் உரிந்திருந்தது. அவளுக்குப் பின்னால், கிணற்று மேடையில், தேயிலைத் தண்ணீர் நிறக் குட்டி கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு, நாலு காலையும் ஊன்றி நின்றது. அதன் கண் ஜெஸ்டின் முகத்தில்தான் இருந்தது.

"நான் அந்தப் பக்கம் பேசிக்கிட்டு இருந்தேன்," என்றாள் எமில்டா. அவளுக்கு மூச்சு வாங்கியது. "இது நீங்க முங்குன எடத்தையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. திடீர்னு ஒரே ஓலம். ஓடி வந்து பாத்தா கயித்தக் கடிச்சுக்கிட்டு நிக்குது. பெறகுதான் நான் பிடிச்சேன்."

ஜெஸ்டின் வாயைத் துடைத்தார். "அது பெனிஸ்டன் இழுப்புல்லா," என்றார். "ஒனக்கு எப்படித் தெரியும்?"

அவள் படியில் உட்கார்ந்தாள்.

"அவனுக்கு நான் சொல்லிக் குடுத்தது அது. சின்னப் பிள்ளையில அவனுக்கு இருட்டுன்னா பயம். எங்கய்யா கடலுக்குப் போயிட்டா அழுவான். சத்தங் கேட்டா அம்மா அடிப்பா. நான் வலை நூல ஒண்ண எடுத்து அவன் கால் பெருவிரல்ல கட்டி மறுமுனைய கையில வச்சுக்கிட்டுப் படுப்பேன். ரெண்டு குட்டியா இழுத்து ஒண்ணு நீளமா இழுப்பேன். நான் முழிச்சிருக்கேன், நீ பயப்படாதன்னு அர்த்தம். அவன் ஒருக்கா இழுத்துட்டு உறங்கிருவான்."

இத்தனை காலம் ஜெஸ்டின் அந்த இழுப்பை ஒரு கேள்வி என்று நினைத்திருந்தார். இருக்கிறீரா என்று மேலே இருந்து ஒருவன் கேட்கிறான், இருக்கிறேன் என்று நாம் பதில் சொல்கிறோம் என்று. அது கேள்வியே இல்லை. பயப்படாதீர் என்று அவன் நாளுக்கு முப்பது தடவை சொல்லியிருக்கிறான். அவன் கையில் இருந்தது இவளுடைய கயிறு. ஜெஸ்டினுக்கு அழுகை வந்தது. கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க வராத அழுகை, இப்போது முழங்கால் தண்ணீரில், வாழைத்தோட்டக்காரி முன்னால் வந்தது. அவர் அதை மறைக்கவில்லை. எமில்டாவும் அழுதாள். குட்டி கயிற்றை விடவில்லை.

"சங்கு?" என்றாள் அவள், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

அவர் வெறுங்கையைக் காட்டினார்.

"கெடக்கட்டும்," என்றாள். "இங்கன ஏற்கெனவே கெடக்கதோட கெடக்கட்டும்."

மேலே ஏறி வந்ததும் ஜெஸ்டின் முதலில் கேட்டது அரிவாளை. பொன்செல்வி பயந்துபோய்த் தார் வெட்டுகிற அரிவாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் இடுப்பு முடிச்சை அவிழ்த்தார். கயிற்றை எடுத்து, இரண்டு கையையும் விரித்து நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பாகம் அளந்தார். இன்னொரு பாகம் அளந்தார். கிணற்று மேடையில் வைத்து ஒரே வெட்டு.

குளிக்கிற கயிற்றை யாரும் வெட்டமாட்டார்கள். வெட்டினால் அதற்கு என்ன அர்த்தம் என்று எமில்டாவுக்குத் தெரியும்.

"ரெண்டு பாகம் போதும்," என்றார். மீதிப் பன்னிரண்டு பாகத்தைச் சுருட்டிப் பொன்செல்வியிடம் கொடுத்தார். "வாளி எறைக்க ஆகும் தங்கச்சி."

அப்புறம் குனிந்து, வெட்டிய துண்டின் ஒரு முனையைக் குட்டியின் கழுத்தில் தளர்வாகக் கட்டினார். கறுப்பன் ஒரு செருப்போடு தூரத்தில் உட்கார்ந்து பார்த்தான். அவனுக்கு நல்ல இடம் கிடைக்கும், கெட்டிக்காரன்.

"அப்ப வேட்டை?" என்றாள் எமில்டா, வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

"கரையில நண்டு கெடக்குல்லா. இது பிடிக்கும்."

"இதா?"

இருவரும் குட்டியைப் பார்த்தார்கள். குட்டி ஜெஸ்டினைப் பார்த்தது. அதன் மூக்குக்கு முன்னால் ஒரு வெட்டுக்கிளி வந்து உட்கார்ந்தது; அதைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வரப்பு ஒற்றையடியாக இருந்தது. ஜெஸ்டின் வண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தார். எமில்டா குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் வந்தாள். கயிற்றின் மறுமுனை அவர் இடது மணிக்கட்டில் சுற்றியிருந்தது. வெயில் சாய்ந்து, இலைகளுக்குள் வெளிச்சம் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அவர் காதில் இரைச்சல் திரும்பி வந்திருந்தது. தலை லேசாக ஆடியதால் ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்தார். எமில்டா, "பைய நடங்க," என்றாள். அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். அதுவும் கேட்கவில்லை.

அவள் ஒரு கையால் கயிற்றைப் பிடித்தாள். இரண்டு குட்டியாக இழுத்து, ஒன்று நீளமாக இழுத்தாள்.

ஜெஸ்டின் நின்றார். திரும்பவில்லை. மணிக்கட்டை ஒரு தடவை இழுத்தார்.